கோடைக்கு ஆட்டுத் தீவனம்: வரம்புப் புல்லைப் பதனிட்டு வைத்தல்

வடக்கிற் சோளகமும் கிழக்கிற் கச்சானும் வீசத் தொடங்கிவிட்டால், உலர் வலயத்தின் மேய்ச்சல் தரைகள் சில வாரங்களிலே மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன. குளக்கரையிலும் வாய்க்காற் கரையிலும் எஞ்சிய புல்லை மாடுகள் முதலில் முடித்துவிடுகின்றன. ஆடுகள் வேலிக் குழையை நாடுகின்றன. அதுவும் தீர்ந்தபின் பட்டையைக் கடிக்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களிற் பால்வற்றிய தாயாட்டின் குட்டிகள் மெலிந்து இறப்பதும், இருப்பவற்றைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுவதும் பல வீடுகளில் ஆண்டுதோறும் நிகழ்பவை. ஆடு விற்ற பணம் கோடையிலேயே செலவாகிவிடும். அடுத்த மாரியிற் புல் தழைக்கும்போது அதனை மேய்வதற்குப் பட்டியில் ஆடு இராது. தோட்டத்திற்கு இடுவதற்கு ஆட்டெருவும் இராது.

இதே கமக்காரரின் வரம்புகளிலும் வேலியோரங்களிலும் மார்கழியில் ஆளுயரப் புல் நின்றிருக்கும். அதனை அவர் வெட்டி எறிந்திருப்பார். அல்லது முற்றிக் காயவிட்டுக் கொளுத்தியிருப்பார். மாரியில் மிஞ்சும் புல்லைக் கோடையிற் பசிக்கும் ஆட்டிடம் கொண்டு சேர்ப்பதற்கு ஒரு வழி உண்டு. புல்லைப் பச்சையாகவே காற்றுப் புகாது அடைத்துப் புளிக்கவைத்துச் சேமிக்கும் இம்முறை சைலேஜ் எனப்படும். அவ்வாறு சேமித்த புல் இங்கே பதனப்புல் எனக் குறிக்கப்படுகின்றது.

பதனிடுவதனால் எதனைப் பெறலாம், எதனைப் பெறமுடியாது

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும். பதனிடுதல் புல்லிற் புதிதாகச் சத்து எதனையும் உண்டாக்குவதில்லை. வெட்டிய நாளிற் புல்லில் இருந்த சத்தைக் கெடாது காத்துத் தருவதே அதன் வேலை. நன்றாகச் செய்தாலும் சிறிதளவு சத்துக் குறையுமேயன்றிக் கூடாது. ஆகவே, ஆடு பச்சையாக இருக்கும்போதே உண்ண மறுக்கும் புல்லைப் பதனிட்டு உண்ணவைக்கலாம் என எண்ணுதல் தவறு.

பூத்து விதைத்து, தண்டு மரம்போல் முற்றிய கினிப்புல்லும், முற்றிய இலுக்கும், மலைநாட்டு மானாப்புல்லும் பதனிடுவதற்கு ஏற்றவை அல்ல. அவற்றைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடுதலே பயன் தரும். வைக்கோலும் அவ்வாறே. அது உலர்ந்தது, அதன் தண்டு குழல்போன்றது, காற்றைத் தன்னுள் வைத்திருக்கும், புளிப்பதற்கு வேண்டிய சீனியும் அதில் இல்லை.

அப்படியாயின் தரங்குறைந்த புல்லை வைத்திருப்பவருக்கு வழி என்ன? புல்லின் தரம் பெரும்பாலும் அதன் இனத்தைவிட அதன் வயதைப் பொறுத்தது என்பதிலேயே இதற்கு விடை உண்டு. வீதியோரத்திலும் வெறுங்காணியிலும் தானாக வளரும் கினிப்புல்லை வெட்டிவிட்டபின், மீண்டும் தளிர்த்து 35 முதல் 45 நாட்களில் உள்ள புல்லின் உலர்பொருளில் ஏறக்குறைய 8 முதல் 10 வீதம் வரை புரதம் இருக்கும். அதே புல் பூத்து முற்றினால் அது 5 வீதத்திற்கும் தாழ்ந்துவிடலாம். தீவனத்திற் புரதம் 7 வீதத்திற்குக் குறையுமாயின், ஆட்டின் இரைப்பையில் நாரைச் சமிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் போதிய அளவிற் பெருகமாட்டா. அந்நிலையில் வயிறு நிறைந்திருந்தும் ஆடு மெலியும். ஒரே வேலியோரத்துப் புல் ஒரு மாதம் முந்தி வெட்டப்பட்டால் தீவனம். ஒரு மாதம் பிந்தினால் வெறும் சக்கை.

புளிப்பு எவ்வாறு காக்கின்றது

பழஞ்சோறும் தோசை மாவும் புளிப்பதை அறியாத வீடு இல்லை. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் புல்லின் இலைகளிலும் இயல்பாகவே உள்ளன. காற்றில்லாத இடத்தில் இவை புல்லிலுள்ள சீனியை உண்டு, இலற்றிக்கமிலம் என்னும் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஓரளவிற்கு மேல் ஏறியதும் அழுகலை உண்டாக்கும் ஏனைய உயிர்கள் வாழமுடியாது போகும். அதன்பின் காற்றுப் புகாதவரை புல் மாதக்கணக்காகக் கெடாதிருக்கும்.

அமிலத்தினாற் பசுந்தீவனத்தைக் காக்கும் முறையை ஆராய்ந்த பின்லாந்து நாட்டு விஞ்ஞானி விர்தனென் 1945 ஆம் ஆண்டிற்குரிய இரசாயன நோபல் பரிசைப் பெற்றார். அவர் நாட்டில் நீண்ட பனிக்காலத்திற்காகத் தீவனம் சேமிக்கவேண்டியிருந்தது. இங்கே பனிக்குப் பதிலாக வரட்சி. காலம் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இத்தத்துவத்திலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. புல்லிற் போதிய சீனி இருத்தல் வேண்டும். ஈரம் அளவோடு இருத்தல் வேண்டும். காற்று அறவே இருத்தல் ஆகாது. வெப்ப நாட்டுப் புற்களில் இயல்பாகவே சீனி குறைவு. தண்டு தடித்து உள்ளே காற்றை வைத்திருப்பதும் அவற்றின் குறை. சோளனை அடைத்தாற் பெரும்பாலும் தானாகவே நன்றாகப் புளிக்கும். வரம்புப் புல்லோ கைகொடுத்தாலன்றிப் புளியாது. கீழே கூறப்படும் ஒவ்வொரு செயலும் இம்மூன்று விதிகளில் ஒன்றை நிறைவேற்றுவதற்காகவே கூறப்படுகின்றது.

எப்போது வெட்டுவது

ஐப்பசி மழையோடு எழும் புல் மார்கழியில் உயர்ந்து நிற்கும். அப்போது மழையும் நிற்பதில்லை. நனைந்த புல்லை வாட்டவும் முடியாது. வாட்டாத புல் அழுகும். மாசி வரை காத்திருப்பின் மழை விடும். ஆயின் புல் முற்றிவிடும். பலர் முயன்று கைவிட்டதற்கு இந்த இக்கட்டே காரணம்.

இதனைத் தீர்க்க இரண்டு வெட்டு முறை உதவும். கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ தெரிந்தெடுத்த வேலியோரத்தையும் வரம்பையும் ஒருமுறை வெட்டிவிடல் வேண்டும். அந்தப் புல்லை அன்றன்றே ஆட்டிற்கும் மாட்டிற்கும் பச்சையாகக் கொடுக்கலாம். நிலத்தில் ஈரம் இருப்பதனாற் புல் உடனே மீண்டும் தளிர்க்கும். தை நடுப்பகுதிக்குப் பின் மழை தணிந்து வெயில் கிடைக்கும்போது இந்த இரண்டாம் வளர்ச்சிக்கு 40 நாள் அளவில் வயதாகியிருக்கும். பூ எட்டிப்பார்க்குமுன் அதனை வெட்டிப் பதனிடல் வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வதைப் போல, தை மாதத்துச் சில வெயில் நாட்களை இதற்கெனப் பிடித்துக்கொள்ளல் அவசியம். பெரும்போக அறுவடையும் இக்காலத்தை அண்டியே வருவதனால், முழுவதையும் ஒரே நாளிற் செய்ய முயலாது, நாள்தோறும் சில பைகளாகச் செய்துகொள்வது வேலையாட்களின் தட்டுப்பாட்டைக் குறைக்கும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

நிலத்திலிருந்து 10 முதல் 15 சதமமீற்றர் உயரம் விட்டு வெட்டுக. அடிவரை அறுத்தாற் சேறும் மண்ணும் புல்லோடு சேரும். மண்ணோடு வரும் கிருமிகளே பதனப்புல்லை நாறவைப்பவை. ஆட்டிற்கு நோய் தருபவையும் அவையே.

களைநாசினி அல்லது பீடைநாசினி அண்மையில் விசிறப்பட்ட வயல் வரம்பிலோ தோட்டத்திலோ புல் வெட்டலாகாது. இரண்டாம் வளர்ச்சிக்கென ஒதுக்கிய வரம்பை மருந்து விசிறாது விட்டுவைத்தல் வேண்டும்.

பாத்தீனியம் கலந்த புல்லை ஏற்கவே கூடாது. அதனை உண்ட ஆட்டின் பால் கசக்கும். விதை எருவோடு தோட்டமெங்கும் பரவும். வெட்டுமுன் ஒருமுறை நடந்து அக்களையைக் கையுறையோடு பிடுங்கி அகற்றுதல் நன்று.

கதிர் ஒடித்தபின் பசுமை மாறாத சோளன் தட்டு, வரம்பில் நிற்கும் இளங்கோரை, நேப்பியர், சீஓ-3 முதலிய வளர்ப்புப் புற்கள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். சோளன் தட்டிற் சீனி உண்டு. எனவே வரம்புப் புல்லோடு கலந்தாற் புளிப்பிற்கு அது துணைபுரியும்.

வாட்டுதல்

வெட்டிய பச்சைப் புல்லின் 100 பங்கில் ஏறக்குறைய 80 பங்கு நீர். அடைக்கும்போது அது 65 முதல் 70 பங்கு அளவில் இருத்தல் நன்று. காலையிற் பனி உலர்ந்தபின் வெட்டி, மெல்லிதாகப் பரப்பி, ஒருமுறை புரட்டிவிட்டால் நல்ல வெயிலில் அரைநாளிற் போதிய அளவு வாடும். ஒரு நாளுக்கு மேல் விடலாகாது; வெட்டிய புல்லும் உயிர்ப்பதனால் அதன் சீனி நேரம் செல்லச்செல்லக் கரையும்.

ஈரத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நறுக்கிய புல்லில் ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுகப் பொத்திப் பிடித்து விடுக. விரலிடையில் நீர் சொட்டினால் ஈரம் மிகை, மேலும் வாட்டுக. கையைத் திறந்ததும் உருண்டை சிதறிப் பாய்ந்தால் அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டது. கை ஈரமாகி, நீர் சொட்டாது, உருண்டை மெல்ல மெல்ல விரிந்தால் அதுவே சரியான நிலை.

நறுக்குதல்

2 முதல் 3 சதமமீற்றர் துண்டுகளாக நறுக்குக. இதற்கு இரு காரணங்கள் உள. சிறு துண்டுகளே இறுக அமரும், காற்று வெளியேறும், சீனிச் சாறும் வெளிவரும். மற்றையது ஆட்டின் இயல்பு. மாடு முன்னால் இட்டதை வாரி உண்ணும். ஆடோ உதட்டாலும் நாவாலும் தெரிந்து இலையைப் பறித்துத் தண்டை ஒதுக்கிவிடும். நீளமாக இட்ட புல்லின் பெரும்பகுதியைக் காலடியிற் போட்டு மிதித்துவிடும். மிதித்ததை மீண்டும் தொடாது. தண்டும் இலையும் ஒன்றாக நறுக்கப்பட்டாற் பொறுக்குவதற்கு இடமில்லை. கூட்டாக ஒரு நறுக்கியை வாங்கிப் பல வீட்டார் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அது இல்லாத இடத்தில் மரக்குற்றியின்மேல் வைத்துக் கத்தியால் வெட்டினாலும் போதும்.

சீனி சேர்த்தல்

வரம்புப் புல்லிற்கு வெளியிலிருந்து சீனி சேர்ப்பது அவசியம். பெல்வத்தை, செவனகலை முதலிய இடங்களிற் கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகாகிய மொலாசஸ் இதற்கு மிகவும் பொருத்தமானது. வாட்டிய புல் 100 கிலோவிற்கு 4 கிலோ மொலாசஸ் போதும். அதனை 4 லீற்றர் நீரிற் கரைத்து, படங்கின்மேற் பரப்பிய புல்லிற் பூவாளியாற் சமமாகத் தெளித்துப் புரட்டுக. புல் சற்று ஈரமாக இருப்பின் நீரைக் குறைத்துக்கொள்க.

மொலாசஸ் கிடையாதபோது, உண்பதற்கு உதவாத பனங்கட்டியை அதே அளவிற் கரைத்துத் தெளிக்கலாம். அரிசித் தவிடோ துருவி உலர்த்திய மரவள்ளியோ 100 கிலோவிற்கு 5 முதல் 10 கிலோ வரை சேர்ப்பதும் வழக்கம். தவிட்டிற் சீனி குறைவு. எனவே அது மொலாசஸ் அளவு விரைவாகப் புளிப்பைத் தராது. ஆயினும் மிகையான ஈரத்தை உறிஞ்சும். தீவனத்தின் சத்தையும் கூட்டும். வானம் மப்பாகிப் புல் சரியாக வாடாத நாளில் மொலாசஸும் தவிடும் சேர்ந்து கைகொடுக்கும்.

யூரியாவைச் சேர்க்கலாமா எனச் சிலர் வினவுவர். ஆட்டுக்கான பதனப்புல்லில் யூரியா சேர்த்தல் வேண்டாம். ஓரிடத்தில் மிகையாகத் தங்கிய யூரியா ஆட்டைச் சில மணி நேரத்திலேயே கொல்லவல்லது. புரதம் வேண்டுமாயின் அதனைக் குழையிலிருந்து பெறுதலே பாதுகாப்பானது. மூன்று பங்கு புல்லிற்கு ஒரு பங்கு வாட்டிய கிளிறிசிடியாக் குழை சேர்த்து அடைக்கலாம். கிளிறிசிடியா இலையின் உலர்பொருளில் 20 வீதத்திற்கு மேற் புரதம் உண்டு. குழை சேர்த்தால் மொலாசஸைக் கைவிடலாகாது. புரதம் மிகுந்த இலை புளிப்பதற்கு மேலும் சீனி வேண்டும்.

குழியா, பையா?

பதனப்புல் என்றதும் குழி வெட்டுதலே பலர் நினைவிற்கு வரும். மாட்டுப் பண்ணைக்குக் குழி பொருந்தும். பத்து ஆடு வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. இதற்குக் காரணத்தைக் கணக்காலே காணலாம்.

வளர்ந்த ஆடு ஒன்றிற்கு நாளொன்றுக்கு 1.5 கிலோ பதனப்புல் என வைத்தால், பத்து ஆடுகளுக்கு 15 கிலோ. அறுபது நாட்களுக்கு 900 கிலோ. சேதத்தையும் சேர்த்து 1,200 கிலோ அடைத்தல் வேண்டும். நன்றாக மிதித்து அடைத்தால் ஒரு கன மீற்றரில் 500 கிலோ வரை கொள்ளும். ஆகவே 2 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் ஆழமும் உள்ள குழி போதும். ஆனால் அதன் முகப்பிலிருந்து நாளுக்கு 15 கிலோ எடுத்தால் இரண்டரைச் சதமமீற்றர் தடிப்பே வெட்டுப்படும். எமது வெப்பத்திற் காற்றுப் பட்ட பதனப்புல் ஓரிரு நாட்களிலே சூடாகிப் பூஞ்சணம் பிடிக்கும். உண்ணும் வேகத்தைவிடக் கெடும் வேகம் அதிகமாகும். மாதக்கணக்கான உழைப்பு குழியிலேயே அழிந்துவிடும்.

ஆகவே, திறந்தால் இரண்டு நாட்களில் முடியக்கூடிய சிறு கொள்கலமே ஆடு வளர்ப்போர்க்கு உரியது. உரப்பை ஒன்றின் உள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை இட்டு இறுக அடைத்தால் ஏறக்குறைய 30 கிலோ கொள்ளும். பத்து ஆடுகளுக்கு அது சரியாக இரண்டு நாட் தீவனம். நான்கு ஐந்து ஆடுகள் மட்டும் உள்ளவர் பையைப் பாதியளவாக அடைத்துக் கட்டுதல் வேண்டும். மூடி இறுக்கமான பிளாத்திக்குப் பீப்பாயும் நன்று. ஆயின் பெரும் பீப்பாய் இருபது ஆட்டிற்குமேல் உள்ளவர்க்கே ஏற்றது. பழைய உரப்பையை நன்றாகக் கழுவி உலர்த்திய பின்னரே பயன்படுத்துக. பீடைநாசினி இருந்த கலத்தை எக்காரணங் கொண்டும் பயன்படுத்தலாகாது.

மேற்கூறிய 1,200 கிலோ வாட்டிய புல்லைப் பெற ஏறக்குறைய 1,800 கிலோ பச்சைப் புல் வெட்டவேண்டியிருக்கும். மொலாசஸ் 48 கிலோ வேண்டும். பைகள் நாற்பது. இச்செலவைக் கமக்காரர் தம் ஊர் விலையிற் கணக்கிட்டு, கோடையில் அவசரமாக விற்கும் ஆட்டில் இழக்கும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடைக்கும் முறை

பையின் அடியில் ஒரு சாண் உயரத்திற்குப் புல்லை இட்டு முழங்கையாலும் முட்டியாலும் மூலைமுடுக்கெல்லாம் அழுத்துக. அதன்மேல் அடுத்த படை. ஒரேயடியாக நிரப்பி மேலிருந்து மிதித்தால் மேற்பகுதி மட்டுமே இறுகும். பை நிறைந்ததும் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து இரண்டு இடங்களில் இறுகக் கட்டுக. பின் வெளிப்பையையும் கட்டி, வாய் கீழாக இருக்குமாறு அடுக்குக. தொடங்கிய பையை அன்றே முடித்துக் கட்டல் வேண்டும். மறுநாள் நிரப்பலாம் என வைத்தால் அது கெடும்.

அடுக்கும் இடம் நிழலாக இருத்தல் வேண்டும். நிலத்தில் நேரே வைத்தாற் கறையான் அரிக்கும். பலகையின்மேல் அல்லது பனங்குற்றியின்மேல் வைக்க. எலியும் அணிலுமே பைகளின் பெரும் பகை. ஊசித்துவாரம் ஒன்று போதும். அதன் வழியாகக் காற்றுப் புகுந்து சுற்றிலும் பூஞ்சணம் பரவும். வாரம் ஒருமுறை பார்த்துத் துவாரங்களை ஒட்டுநாடாவால் அடைத்தல் வேண்டும். தை, மாசியில் அடைத்த பை மூன்று வாரங்களிற் பதமாகிவிடும். அவசரத் தேவை இல்லையாயின் ஆடி வரை திறவாது வைத்திருக்கலாம்.

நல்லதையும் கெட்டதையும் அறிதல்

பையைத் திறந்ததும் மூக்கே முதற் சோதனை செய்யட்டும். நன்றாகப் பதமான புல் மஞ்சள் கலந்த பச்சை நிறமாக இருக்கும். இனிய புளிப்பு மணம் வீசும். இலையும் தண்டும் உருக்குலையாதிருக்கும். பிடித்த கையிற் பிசுபிசுப்பு இராது.

கரும்பழுப்பு நிறமும் புகையிலை போன்ற மணமும் இருந்தால், காற்று மிகுதியாற் புல் சூடேறியது என அறிக. ஆடு அதனை விரும்பி உண்ணக்கூடும்; எனினும் அதன் புரதத்திற் பெரும்பங்கு சமிக்காது போகும். கெட்ட வெண்ணெய் போன்ற நாற்றமும் வழுவழுப்பும், கழுவினாலும் கையை விட்டு நீங்காத வாடையும் இருப்பின், ஈரம் மிகுந்து அல்லது மண் கலந்து அழுகியது எனக் கொள்க. வெள்ளை, நீலம், கருமை என எந்நிறப் பூஞ்சணமாயினும் அப்பகுதியையும் அதனைச் சுற்றிய பகுதியையும் எருக்குழியிற் சேர்க்க. பையின் பெரும்பகுதி கெட்டிருந்தால் முழுவதையும் எருவாக்குதலே தகும்.

இவ்விடத்திற் சிக்கனம் பார்த்தல் ஆபத்தானது. சரியாகப் புளிக்காத, மண் கலந்த பதனப்புல்லில் லிஸ்ரீரியா என்னும் கிருமி வளரும். மாட்டைவிட ஆட்டையும் செம்மறியையும் அது எளிதிற் பற்றும். நோயுற்ற ஆடு தலையை ஒருபுறம் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிவரும். ஒரு பக்கத்துக் காதும் இமையும் தொங்கும். வாயிலிருந்து நீர் வடியும். சினையாடுகள் குட்டியை எறிந்துவிடும். இக்குறிகளைக் கண்டால் அத்தீவனத்தை உடனே நிறுத்தி, தாமதியாது மிருக வைத்தியரை நாடல் வேண்டும். எறியப்பட்ட குட்டியையும் கழிவையும் வெறுங்கையால் தொடலாகாது. இந்நோய் மனிதரையும் பற்றும். சிறப்பாகக் கருவுற்ற பெண்கள் அப்பட்டியை அணுகலாகாது.

ஊட்டும் முறை

புதிய தீவனத்தை ஆடு முதல்நாளில் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதனைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை. முதலிரு நாட்கள் ஒவ்வோர் ஆட்டிற்கும் கால் கிலோவைப் பழகிய குழையோடு அல்லது சிறிது தவிட்டோடு கலந்து வைக்க. பத்து நாட்களில் அளவைச் சிறிது சிறிதாக ஒன்றரைக் கிலோவிற்கு உயர்த்துக. திடீரென மாற்றினால் இரைப்பை நுண்ணுயிர்கள் பழகாது வயிறு கெடும்.

25 கிலோ நிறையுள்ள ஆட்டிற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 800 கிராம் உலர்பொருள் வேண்டும். ஒன்றரைக் கிலோ பதனப்புல்லில் 450 கிராமே கிடைக்கும். எஞ்சியதைக் குழையும் மேய்ச்சலும் தருதல் வேண்டும். ஒரு கிலோ கிளிறிசிடியா, வாதராணி, பூவரசு அல்லது பலாக் குழை இதனைப் பெரும்பாலும் நிறைவு செய்யும். இப்பில் இப்பில் இலையை மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாது கொடுக்க. குழை அரிதாயின் நாளுக்கு 100 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கு அல்லது எள்ளுப் புண்ணாக்கு கொடுக்கலாம். பதனப்புல்லை மட்டுமே ஊட்டி வளர்க்க முயல்வது பயன் தராது.

கிளிறிசிடியா பூக்கும் காலத்தில் இலையுதிர்க்கும். மாரி முடியுமுன் ஒருமுறை கொப்பு வெட்டிவிட்ட மரம் புதிதாகத் தளிர்த்துக் கோடையிலும் பெரும்பாலும் இலையோடு நிற்கும். எனவே எல்லா மரங்களையும் ஒரே நேரத்தில் வெட்டாது முறைவைத்து வெட்டுக.

தீவனத்தை நிலத்தில் இடாது ஆட்டின் நெஞ்சளவு உயரமான தொட்டியில் இடுக. முந்திய நாள் மிச்சத்தை அகற்றிய பின்னரே புதிதாக இடல் வேண்டும். தூய நீரும் தாதுப்புக் கட்டியும் எப்பொழுதும் இருத்தல் அவசியம். கறவை ஆட்டிற்குப் பால் கறந்தபின் ஊட்டினாற் பாலில் மணம் ஏறாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குட்டிகளுக்குப் பதனப்புல் வேண்டாம்; தாய்க்கு ஊட்டினால் அதன் பால் குட்டியைக் காக்கும். ஈனும் நாள் நெருங்கிய ஆட்டிற்கு ஐயத்துக்கிடமான பையிலிருந்து ஒரு பிடியும் கொடுக்கலாகாது.

முதலாண்டில் ஐந்து பை

இம்முறையைக் கைக்கொள்ளும் கமக்காரர் முதலாண்டிலேயே நாற்பது பை அடைக்க முற்படல் வேண்டாம். ஐந்து பைகள் அடைத்து, ஒரு மாதத்தின் பின் ஒன்றைத் திறந்து பார்க்கட்டும். வாட்டியது போதுமா, இறுக்கம் போதுமா, எலி எங்கே வந்தது என்பவற்றை அந்த ஒரு பையே கூறிவிடும். எஞ்சிய நான்கையும் ஆடி, ஆவணியில் மிகவும் மெலிந்த தாயாடுகளுக்கு ஊட்டி, ஊட்டாத ஆடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வரம்புப் புல்லிற் செய்த பதனப்புல் ஆட்டைக் கொழுக்கவைக்காது. நிறை குறையாது கோடையைக் கடக்கவைப்பதே அதன் பயன். ஐப்பசியில் முதல் மழை விழும்போது தாயாடு பட்டியிலேயே நிற்குமாயின், அடுத்த குட்டியும் அடுத்த வண்டி எருவும் வீட்டிற்கே உரியன.

பைகளை அடைக்குமுன் ஐயம் ஏதும் இருப்பின், அருகிலுள்ள கமநல சேவை நிலையத்திலோ அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ விசாரித்துத் தெளிந்துகொள்க. மார்கழி முதல் வெட்டிற்கு இப்போதே வேலியோரத்திற் சிறிது இடத்தை அடையாளமிட்டு வைத்தல் நன்று.